ஹூஸ்டன் 2011: பாஸ் ஆட்டத்தைப் பேரேட்டில் எழுதிப் படிப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் பிள்ளையோ பேரனோ டெக்சாஸில் படிப்பதும் வேலை பார்ப்பதும் இன்று சாதாரணமாகிவிட்டது. அவர்கள் தொலைபேசியில் பேசும்போது கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கோ அது ஒருவர் மேல் ஒருவர் விழும் ஆட்டமாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் மிகவும் நுட்பமான பகுதி பந்தை முன்னோக்கி வீசி ஆடும் பாஸ் ஆட்டம். அதை நம் வீட்டு முகப்பில் உட்கார்ந்து, ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு, ஒழுங்காகப் படித்துப் புரிந்துகொள்ள விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். பாடமாக எடுத்துக்கொள்வது ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் 2011ஆம் ஆண்டு அணியையும் அதன் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் ஆட்டக்காரர், கேஸ் கீனமையும்.

இந்த அணியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. கீனம் அந்த ஆண்டு கல்லூரியில் ஆறாம் ஆண்டு ஆட்டக்காரர். 2006இல் சேர்ந்து முதல் ஆண்டு களமிறங்காமல் இருந்து, 2007 முதல் ஆடி, 2010 செப்டம்பரில் யூ.சி.எல்.ஏ. அணிக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து, மருத்துவக் காரணத்துக்காகக் கூடுதலாக ஓர் ஆண்டு அனுமதி பெற்றுத் திரும்பியவர். கல்லூரி வாழ்க்கை முழுவதும் சேர்த்து அவர் வீசிச் சேர்த்தது 19,217 கெஜம். மைதான முனைக்குப் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி பெற்றுத் தரும் டச் டவுன் வீச்சுகள் 155. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டில் அந்தக் கெஜக் கணக்கை இதுவரை யாரும் தாண்டவில்லை. ஆறு ஆண்டுகளில் மூன்று கல்லூரிகளுக்கு ஆடிய டில்லன் கேப்ரியல் 2024இல் 18,722இல் நின்றார்.

நம் ஊர் லேவாதேவிக் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பின் மேலாளாக உயரப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குவார்ட்டர்பேக்கின் வேலையும் அத்தகையதுதான். அந்த முதிர்ச்சி கணக்கில் எந்தப் பத்தியில் தெரிகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நமது நோக்கம்.

முதலில் அளவுகள்

விதிகள் முழுவதையும் கற்க வேண்டியதில்லை. மைதானம் 100 கெஜ நீளம். அதாவது 300 அடி. 150 அடி ஓடும் வீடுகள் இரண்டைத் தெருவுக்குத் தெரு அடுத்தடுத்து வைத்தால் அந்த நீளம் வரும். இரு முனைகளிலும் 10 கெஜ ஆழத்தில் எண்ட் ஸோன் என்னும் பகுதி இருக்கிறது. அகலம் 160 அடி. தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும்; ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். அந்த நான்குக்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். ஓர் அடிச் சதுர ஆத்தங்குடிக் கல் பதித்த ஆல்வீட்டில் 30 கல்லை எண்ணி நடந்து பாருங்கள். அதுதான் 10 கெஜம். திரையில் சிறியதாகத் தோன்றும் அந்தத் தூரத்தைக் கால் உணர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

ஒரு டவுனில் ஒரே ஒரு முறைதான் பந்தை முன்னோக்கி வீசலாம். அதுவும் ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலிருந்து மட்டும். களத்தில் இருக்கும் பதினொருவரில் பெரும்பாலும் ஐவரே பிடிக்க ஓடுபவர்கள். அவர்களை ரிசீவர் என்று வைத்துக்கொள்வோம். மற்ற ஐவர் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள். எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. வீசிய பந்தை எதிரணி பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன். வாய்ப்பு அத்தோடு எதிரணிக்குப் போய்விடும். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். ஹூஸ்டனில் சனிக்கிழமை இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு ஞாயிறு காலை 5.30 மணிக்கு வரும்; நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பதால் 6.30 ஆகும். ஆவணியில் தொடங்கும் பருவம் கார்த்திகையில் முக்கிய ஆட்டங்களை முடித்துவிடுகிறது. ஆனால் கற்பதற்கு நேரலை உகந்தது அன்று. நிறுத்தி, திருப்பிப் பார்க்கக்கூடிய பழைய ஆட்டப் பதிவுதான் ஆசிரியர்.

கண்ணை எங்கே வைப்பது

முதல் இரண்டு மாதம் நான் பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹூஸ்டனில் படிக்கும் பேரன் ஒரு நாள், “பந்தப் பாக்காதீக ஐயா, பின்னாடி நிக்கிறவுகளப் பாருங்க” என்றான். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் எனக்கு ஆட்டம் திறந்தது. மஞ்சுவிரட்டில் காளையை மட்டும் பார்ப்பவருக்கு அது எந்தப் பக்கம் திரும்பும் என்பது தெரியாது. தொழுவாசலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பவருக்கே தெரியும்.

ஆகவே, பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருவதற்கு முன்பே படத்தை நிறுத்துங்கள். தடுக்கும் அணியில் எல்லோருக்கும் பின்னால், 10 முதல் 15 கெஜ ஆழத்தில் நிற்பவர்களை எண்ணுங்கள். இவர்களுக்கு சேஃப்டி என்று பெயர். இருவர் நின்றால் மைதானத்தின் ஆழப் பகுதியை ஆளுக்குப் பாதியாகக் காக்கப் போகிறார்கள் என்றும், நடுவில் ஒருவர் மட்டும் நின்றால் மற்றவர் முன்னால் வந்து ஓட்டத்தைத் தடுக்கவோ ஒரு ரிசீவரை ஒட்டிப் போகவோ போகிறார் என்றும் முதற்கட்டமாக ஊகிக்கலாம். பிறகு ஓடவிட்டு, பந்து கைக்கு வந்த முதல் ஒரு நொடியில் சேஃப்டிகள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நின்ற இடம் ஒன்றாகவும் போகும் இடம் வேறாகவும் இருந்தால் அது குவார்ட்டர்பேக்கை ஏமாற்றச் செய்த வேலை. இதை அந்த ஒரு நொடிக்குள் கண்டுகொள்பவர் நல்ல குவார்ட்டர்பேக்.

அதற்கடுத்த பார்வையில்தான் குவார்ட்டர்பேக்கைப் பார்க்க வேண்டும். அப்போதும் கையைவிடக் காலைப் பாருங்கள். ரிசீவர் திரும்பும் கணத்தில் வீசுபவரின் பின்காலும் ஊன்றியிருக்க வேண்டும். கீனம் உயரத்திலோ கைவலுவிலோ பெயர் பெற்றவர் அல்லர். 2012இல் தொழில்முறை அணிகள் ஏழு சுற்றுகளாக ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது அவர் பெயர் எதிலும் வரவில்லை. ஆனால் கால் ஊன்றுவதற்கும் பந்து கையை விட்டு நீங்குவதற்கும் இடையே அவர் வீணாக்கிய நேரம் மிகக் குறைவு. இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகிய பிறகுதான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

இரண்டு ஆட்ட அமைப்புகள்

ஹூஸ்டன் ஆடியது ஏர் ரெய்டு என்ற முறையின் ஒரு கிளை. ஹால் மம்மி, மைக் லீச் ஆகிய இருவரும் 1989 வாக்கில் அயோவா வெஸ்லியன் என்ற சிறிய கல்லூரியில் இதை உருவாக்கினார்கள். லீச் பின்னர் டெக்சாஸ் டெக் கல்லூரியில் பெரிய அளவில் ஆடிக்காட்டினார். அங்கே அவரிடம் குவார்ட்டர்பேக்காக இருந்த கிளிஃப் கிங்ஸ்பரி 2011இல் ஹூஸ்டனில் தாக்குதல் ஆட்டத்தின் பயிற்சியாளர்களுள் ஒருவர். தலைமைப் பயிற்சியாளர் கெவின் சம்லின். முறையின் சாரம் இதுதான்: ஆட்ட அமைப்புகள் மிகக் குறைவு, பயிற்சி மிக அதிகம், ஒரு டவுனுக்கும் அடுத்ததற்கும் இடையே கூடிப் பேசாமல் விரைந்து ஆடுவது. லைன்மேன்கள் ஒருவருக்கொருவர் அதிக இடைவெளி விட்டு நிற்பார்கள். அதனால் பாய்ந்து வருபவர்கள் குவார்ட்டர்பேக்கை அடைய நீண்ட வழி சுற்ற வேண்டியிருக்கும்.

குறைவான அமைப்புகள் என்பதால் இரண்டைத் தெரிந்துகொண்டாலே ஆட்டத்தில் பெரும்பகுதி பிடிபடும். முதலாவது மெஷ். இரு பக்கங்களிலிருந்தும் இரண்டு ரிசீவர்கள் கோட்டிலிருந்து ஏறத்தாழ 6 கெஜ ஆழத்தில், கையைத் தொட்டுக்கொள்ளும் அளவு நெருக்கமாக ஒருவரையொருவர் குறுக்காகக் கடந்து ஓடுவார்கள். தடுப்பவர்கள் ஆளுக்கு ஆள் ஒட்டி ஓடினால் அந்தக் குறுக்குப் பாதையில் நெரிசல்பட்டுப் பின்தங்குவார்கள். அவரவர் இடத்தைக் காத்து நின்றால் ரிசீவர்கள் ஓடாமல் தடுப்பவர் இருவருக்கு நடுவேயுள்ள காலியிடத்தில் நின்றுவிடுவார்கள். எதிரணி எதைச் செய்தாலும் ஒரு பதில் உள்ளே இருக்கிறது என்பதுதான் இதன் அழகு.

இரண்டாவது, நால்வரும் நேராக ஆழத்துக்கு ஓடும் அமைப்பு. ஃபோர் வெர்டிகல்ஸ் என்பார்கள். பார்வைக்கு மிக எளியது. எனக்கோ இதுதான் மொத்த விளையாட்டிலும் ஆழமான விஷயமாகப் படுகிறது. இரண்டு சேஃப்டிகள் நால்வரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சேஃப்டியும் இருவருக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கம் திறக்கும். அதோடு முடியவில்லை. உட்புறம் ஓடும் ரிசீவர், எதிரே இருப்பவர் ஆழத்துக்கு ஓடிவிட்டால் தானும் தொடர்ந்து ஓடாமல் சட்டென நின்று திரும்பலாம். நடு காலியாக இருந்தால் நடுவை நோக்கி வளையலாம். இந்த முடிவை ஓடிக்கொண்டே ரிசீவர் எடுக்கிறார். அதே முடிவை, அதே கணத்தில், 20 கெஜம் தள்ளி நிற்கும் குவார்ட்டர்பேக்கும் எடுத்து, ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிட வேண்டும். இருவரும் ஒரே ஏட்டின் ஒரே வரியை ஒரே நேரத்தில் படித்தால் அது டச் டவுன். ஒருவர் அடுத்த வரிக்குப் போய்விட்டால் அது இன்டர்செப்ஷன்.

2011 அக்டோபர் 27 அன்று ரைஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஹூஸ்டன் 73-34 என்று வென்றபோது கீனம் 9 டச் டவுன்கள் வீசினார். அவற்றுள் 5 பேட்ரிக் எட்வர்ட்ஸ் பிடித்தவை. இருவரும் பல பருவங்கள் சேர்ந்து ஆடியவர்கள். அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் எட்வர்ட்ஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு முறை பாருங்கள். பந்து எப்போது கிளம்புகிறது, அவர் எப்போது திரும்புகிறார் என்ற இரண்டையும் ஒப்பிடுங்கள்.

நோட்டு எழுதும் முறை

ஒரு கோடு போட்ட நோட்டில், ஒரு வீச்சுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை கெஜம் வேண்டும், பின்னால் நின்ற சேஃப்டி எத்தனை பேர், பந்து காற்றில் போன தூரம், பிடித்த பிறகு ஓடிய தூரம், முடிவு ஆகிய ஆறு பத்திகள் போதும். காற்றில் போன தூரத்தையும் ஓடிச் சேர்த்த தூரத்தையும் தனித்தனியே எழுதுவது முக்கியம். இரண்டையும் சேர்த்தால் யாருடைய உழைப்பு எவ்வளவு என்று தெரியாமல் போய்விடும். முதல் பருவத்தில் நான் மொத்தக் கெஜத்தை மட்டுமே எழுதி, 500 கெஜம் வீசியவர்தான் அன்று நன்றாக ஆடினார் என்ற முடிவுக்கு வந்துகொண்டிருந்தேன். அது தவறு. தோற்றுக்கொண்டிருக்கும் அணி வேறு வழியின்றி வீசிக்கொண்டே இருக்கும்போதும் கெஜம் சேரும்.

ஆட்டம் முடிந்ததும் ஐந்தொகை எடுக்க வேண்டும். கல்லூரி ஆட்டத்துக்கு இதற்கென ஒரு சூத்திரம் இருக்கிறது. கெஜத்தை 8.4 ஆலும், டச் டவுனை 330 ஆலும், பிடிபட்ட வீச்சுகளை 100 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். இன்டர்செப்ஷனை 200 ஆல் பெருக்கிக் கழியுங்கள். வருவதை மொத்த வீச்சுகளால் வகுங்கள். வரவு மூன்று, பற்று ஒன்று. நம் வீட்டுக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை.

கீனமின் இரண்டு பருவங்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். இந்தக் குறிப்பில் நீங்கள் தவறாமல் செய்ய வேண்டிய பயிற்சி இதுதான். 2009இல் அவர் 700 வீச்சுகளில் 492 பிடிபட, 5,671 கெஜமும் 44 டச் டவுனும் சேர்த்து, 15 பந்துகளைப் பறிகொடுத்தார். சூத்திரப்படி 154.8. காயத்துக்குப் பின் திரும்பி வந்த 2011இல் 603 வீச்சுகளில் 428 பிடிபட, 5,631 கெஜமும் 48 டச் டவுனும் சேர்த்து, 5 பந்துகளை மட்டுமே பறிகொடுத்தார். விடை 174.0. மொத்தக் கெஜத்தைப் பார்த்தால் இரண்டு ஆண்டுகளும் ஏறக்குறைய ஒன்று. சொல்லப்போனால் 2009இல்தான் 40 கெஜம் அதிகம். ஆனால் 97 வீச்சுகள் குறைவாக வீசி அதே இடத்தை அடைந்திருக்கிறார். ஒரு வீச்சுக்குக் கிடைத்தது 8.1 கெஜத்திலிருந்து 9.3 ஆக உயர்ந்திருக்கிறது. பற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. முதிர்ந்த குவார்ட்டர்பேக்கின் அனுபவம் வரவுப் பக்கத்தைவிடப் பற்றுப் பக்கத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. பிடிக்க ஆளில்லாதபோது பந்தை மைதானத்தின் பக்கக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டு அடுத்த டவுனுக்குப் போவது, ஆழத்து வீச்சு மூடியிருந்தால் 5 கெஜத்தில் நிற்பவருக்குக் கொடுத்துத் திருப்தியடைவது என்று பார்வையாளர்கள் கைதட்டாத செயல்களெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. உங்கள் நோட்டில் வெளியே எறிந்த வீச்சுகளைத் தனிக்குறி போட்டு எழுதுங்கள்.

பேசப்படும் சாதனைகளையும் இதே கண்ணோடு வகுத்துப் பார்க்க வேண்டும். இதே ஹூஸ்டனின் டேவிட் கிளிங்லர் 1990இல் 54 டச் டவுன்கள் வீசினார். ஒரே ஆட்டத்தில் 11. அந்தப் பருவ எண்ணை 2006இல் ஹவாயின் கோல்ட் பிரென்னன் 58ஆகவும், 2019இல் எல்.எஸ்.யு.வின் ஜோ பரோ 60ஆகவும், 2021இல் வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஸாப்பி 62ஆகவும் உயர்த்தினார்கள். ஆனால் கிளிங்லர் ஆடியது 11 ஆட்டங்கள், பரோ 15, பிரென்னனும் ஸாப்பியும் 14. ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் கிளிங்லரின் 4.9ஐ மற்ற மூவரில் யாரும் நெருங்கவில்லை. பருவ இறுதியில் வரும் பௌல் ஆட்டங்களை 2002 முதல்தான் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதையும் பழைய எண்களைப் பார்க்கும்போது நினைவில் கொள்ள வேண்டும். இதில் பரோவின் பெருமை குறைந்துவிடாது, அவர் 76.3 விழுக்காடு வீச்சுகளைப் பிடிக்கவைத்து, 6 மட்டுமே பறிகொடுத்து, 15 ஆட்டங்களையும் வென்றவர். அவரும் கல்லூரியில் ஐந்தாம் ஆண்டு ஆட்டக்காரர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆட்டங்களை, எந்த வரிசையில்

முதலில் 2012 ஜனவரி 2 அன்று டல்லஸில் பென் ஸ்டேட் அணியை ஹூஸ்டன் 30-14 என்று வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீனமின் கடைசிக் கல்லூரி ஆட்டம் அது. 69 வீச்சுகளில் 45 பிடிபட, 532 கெஜம். எதிரணி வலுவான தடுப்பு ஆட்டத்துக்குப் பெயர் பெற்றது என்பதால் சேஃப்டிகளைப் படிக்க நல்ல பாடம். இரண்டாவதாக 2011 செப்டம்பரில் லூசியானா டெக் அணியிடம் 27 புள்ளிகள் பின்தங்கியிருந்து 35-34 என்று வென்ற ஆட்டம்; அவசரத்திலும் பற்றுப் பக்கத்தை எப்படிக் காப்பது என்பது அதில் தெரியும்.

மூன்றாவதாக, தோல்வியைக் கட்டாயம் பாருங்கள். 12 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த ஹூஸ்டன், 2011 டிசம்பர் 3 அன்று தன் சொந்த மைதானத்தில் சதர்ன் மிஸ் அணியிடம் 28-49 என்று தோற்றது. ஆதரவாளர்கள் பலர் அந்தப் பதிவைப் பார்க்க விரும்புவதில்லை. ஆனால் குவார்ட்டர்பேக் வீசுவதற்கு முன் எவ்வளவு நேரம் கிடைத்தது என்று நொடியை எண்ணி ஏழாவது பத்தியாக எழுதி, மற்ற இரண்டு ஆட்டங்களோடு ஒப்பிட இதைவிட நல்ல பதிவு கிடைக்காது.

கையால் செய்து பார்க்க

திரையில் பார்ப்பது மட்டும் போதாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அறுவடை முடிந்த வயலிலோ நீர் வற்றிய கண்மாயிலோ 30 அடிக்கு ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். அந்த முட்டைவடிவப் பந்து வேண்டியதில்லை; டென்னிஸ் பந்து போதும். ஒருவர் நேராக ஓடிக் கோட்டில் சட்டென நின்று திரும்ப வேண்டும். வீசுபவர் அவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிட வேண்டும். ஆளைப் பார்த்து வீசக்கூடாது, கோட்டைப் பார்த்து வீச வேண்டும். 20 முறை வீசி எத்தனை பிடிபட்டது என்று எண்ணுங்கள். பிறகு ஓடுபவரை மாற்றி இன்னொரு 20. ஒரே இணையை ஒரு மாதம் மாலைதோறும் வைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். இந்த மூன்று எண்களையும் தேதியிட்டு, கீனமின் ஐந்தொகை எழுதிய அதே நோட்டில், அடுத்த பக்கத்தில் எழுதி வையுங்கள்.